துளசி போலும் ஒரு களை

சென்ற மார்கழித் திங்களில் எம் கல்லூரித் தமிழ் மன்றத்தார் மலர்க்காட்சி ஒன்று நடத்தினர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் 99 பூக்களுள் கடலூர், சிதம்பரம் வட்டங்களில் கிடைப்பனவற்றைத் தேடிக் கொணர்ந்து, ஒவ்வொன்றன் கீழும் பெயர்ச்சீட்டு எழுதி வைப்பதே அக்காட்சியின் நோக்கமாகும். அப்பெயர்களை யெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் ஆற்றல் எம் வகுப்பில் நால்வர்க்கு உண்டு. செடி தேடப் புறப்பட்ட கூட்டத்திற்கு அந்நால்வரே தலைவராயினர். யாமும் உடன் சென்றோம்.

கெடிலக் கரையில், ஆளுயரம் வளர்ந்து அடர்ந்து நின்ற செடிக்கூட்டம் ஒன்றைக் கண்டோம். தண்டு நாற்கோணமாக இருந்தது. இலைகள் எதிரெதிராக அமைந்திருந்தன. கசக்கி முகர்ந்தால் மூக்கைத் துளைக்கும் மணம் எழுந்தது. இலையிடுக்குகளில் நீலம் கலந்த ஊதாநிறச் சிறு பூக்கள் காணப்பட்டன. “குல்லை கிடைத்தது!” என்று கூவினார் எம்முள் ஒருவர். குல்லை யென்பது நாய்த்துளசி யென்று அகராதி கூறுகின்றது. இச்செடியோ துளசி போல மணக்கின்றது. ஆகவே இதுவே குல்லை. இவ்வாறு தருக்க நூலாரும் நாணும்படி முடிவு கட்டிக் கை நிறையப் பறிக்கலாயினோம். அருகே ஆடு மேய்த்திருந்த முதியவள் ஒருத்தி எம்மைப் பார்த்து, “ஏன் தம்பி, துளசியா இது? ஆடு மோந்து பார்த்துட்டு அப்பால போற செடியாச்சே!” என்றாள். “ஆயா, இது புத்தகத்தில் உள்ள செடி” என்று அவளுக்கு விடை கூறிவிட்டு வந்தோம். அவ்விடையை இப்பொழுது நினைப்பினும் முகம் சிவக்கின்றது.

காட்சி நாளன்று தாவரநூல் ஆசிரியர் ஒருவர் வந்தார். தில்லை, தாழை, புன்னை, ஞாழல் என ஒவ்வொன்றாகப் பார்த்து மகிழ்ந்து வந்தவர், ‘குல்லை’ என்று அழகிய எழுத்தில் சீட்டு ஒட்டியிருந்த செடியின்முன் நின்றுவிட்டார். சிறிது நேரம் கழித்து, “கபிலர் அமெரிக்கா சென்று மீண்டனரோ?” என்று வினவினார். எங்கள் குல்லை, மெக்சிகோ முதலிய வெப்ப அமெரிக்க நாடுகளைத் தாயகமாகக் கொண்டது; கொலம்பசு 1492ஆம் ஆண்டில் கடல் கடந்த பின்னரே இவ்வுலகின் பிற பகுதிகட்கு வர வழி பெற்றது. சங்கப் புலவர் எவரும் அதனைக் கண்டிருத்தல் இயலாது. ஆடு மேய்க்கும் ஆயா முகர்ந்து அறிந்ததைப் பாட்டும் உரையும் கற்ற யாம் அறிந்திலேம்.

இக்கட்டுரை அந்நாணத்திற் பிறந்தது. ஆயினும் எம் பிழையை ஒப்புக்கொள்ளும் அளவில் இதனை முடித்துவிட எமக்கு விருப்பமில்லை. தமிழ் பயில்வோர் செடிகளைப் பெயரால் மட்டும் அறிந்து கண்ணால் அறியாதிருத்தல் குறைபாடே யென்றும், அக்குறையைப் போக்குதல் தமிழ்த் துறையின் கடமையே யன்றித் தாவரநூல் துறையினர் தலையில் கட்டிவிடத்தக்க தன்றென்றும் யாம் கருதுகின்றோம்.

முதற்கண் அச்செடியை அடையாளங் காண்போம். தாவரநூலார் இதனைப் புதினாக் குடும்பத்தில் வைப்பர். லின்னேயசு 1759ஆம் ஆண்டில் இதற்குப் பல்லோட்டா சுவாவியோலென்ஸ் என்று பெயரிட்டார். 1806இல் புவாத்தோ என்னும் பிரெஞ்சு அறிஞர் ஹிப்டிஸ் என்னும் இனத்தில் இதனைச் சேர்த்தார். நம் நாட்டு நூல்களில் பெரும்பாலும் ஹிப்டிஸ் சுவாவியோலென்ஸ் என்றே இது காணப்படும். 1891இல் குன்ட்சே என்பார் இட்ட மெசோஸ்பேரம் சுவாவியோலென்ஸ் என்னும் பெயரையே இற்றைநாள் அறிஞர் ஏற்கின்றனர். இனப்பெயர் இருமுறை மாறியும் ‘சுவாவியோலென்ஸ்’ என்னும் பின்னொட்டு மாறவில்லை. ‘நறுமணமுடையது’ என்பது அதன் பொருள். லின்னேயசின் மூக்கும் எம் விடுதி மாணாக்கர் மூக்கும் ஒத்திருந்தன அல்ல போலும். கருப்பூரம் என்பார் சிலர், மூட்டைப்பூச்சி என்பார் சிலர்.

இது ஓராண்டுச் செடி. மழையோடு முளைத்து, மழை முடியப் பூத்து, கோடையில் காய்ந்து சுள்ளியாய் நிற்பது. துளசியினின்று இதனைப் பிரித்தறிய மூக்கு உதவாது, கண்ணே வேண்டும். துளசியும் நாய்த்துளசியும் கிளை நுனியில் கதிர் நீட்டிப் பூக்கும். இக்களையோ இலைக்காம்பின் இடுக்குகளில் சிறு சிறு கொத்தாகப் பூக்கும். துளசியின் புல்லிவட்டத்தைக் கூர்ந்து நோக்கின் மேற்பக்கத்து இதழ் ஒன்று மட்டும் அகன்று வட்டமாய்க் கேடயம் போல் நிமிர்ந்திருக்கக் காணலாம். இக்களையின் புல்லிவட்டம் பத்து வரிகளோடு கூடிய சிறு குடம். அதன் வாயில் ஊசி போன்ற ஐந்து முட்கள் ஒரே அளவினவாய் நிற்கும். காய் முற்ற முற்ற அம்முட்கள் விறைத்து, தொட்ட ஆடையையும் ஆட்டு மயிரையும் பற்றிக்கொள்ளும். துளசியின் புல்லிக்குள் நான்கு விதை இருத்தல் முறை. இதன் புல்லிக்குள் பெரும்பாலும் இரண்டே தட்டையான விதைகள் முதிரும். இம்மூன்றையும் ஒருமுறை கையிற் பிடித்துப் பார்த்தவர் பின்னர் வாழ்நாள் முழுதும் ஏமாறார். எமக்கு அதற்குக் கால்மணி நேரமே ஆயிற்று.

பூவில் வேடிக்கை ஒன்றும் உண்டு. கீழிதழ் சிறு ஓடம் போற் குழிந்து மகரந்தத் தாள்களைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கும். தேனீ வந்து தொட்டவுடன் அவ்வோடம் சடக்கென்று கீழே மடங்க, தாள்கள் துள்ளி யெழுந்து தேனீயின் வயிற்றில் மகரந்தத்தை வீசும். புல்லின் நுனியால் தொட்டும் இதனைக் காணலாம். களை யென்று வெறுப்பவரும் ஒருமுறை இதனைக் கண்டால் சற்றே நின்று பார்ப்பர்.

விதையை நீரில் இட்டால் வெண்மையான வழுவழுப்புச் சூழ்ந்து பருக்கும். சப்ஜா விதை, அதாவது திருநீற்றுப் பச்சிலையின் விதை, பருப்பது போன்றதே இதுவும். மெக்சிகோ நாட்டார் இவ்விதையை ஊறவைத்துப் பானம் செய்து பருகுவர். ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதி மக்கள் இதன் தழையைப் புகைத்துக் கொசு ஓட்டுவர். ஆகவே இது பயனற்றதென்று யாம் கூற வரவில்லை. துளசியோடு இதற்கு உறவே இல்லை யென்பதும் பொய்யாகும். புதினாக் குடும்பத்துள் துளசி சேர்ந்த கிளையே இதுவும் சேர்ந்த கிளை. கடல் கடந்து வாழ்ந்த தாயாதி யென்று சொல்லலாம். தாயாதி வந்து வீட்டுக்காரன் பெயரைச் சொல்லிக்கொண்டு வீட்டில் அமர்ந்ததே வழக்கிற்குக் காரணம்.

நிற்க. இதனைத் தும்பையோடும் பேய்மிரட்டியோடும் மயங்குவாரும் உளர். தும்பையின் பூ தூய வெண்மை. இலை குறுகி நீண்டது. அதனை அறியாத தமிழ் மாணவன் தும்பைத் திணையின் இலக்கணத்தை எழுதி மதிப்பெண் பெறுதல், நெல்லறியாதவன் உழவைப் பற்றிச் சொற்பொழிவு செய்தலை ஒக்கும். பேய்மிரட்டியின் இலை தடித்து வெண்மயிர் போர்த்தது; ஆண்டு பல நிற்கும் புதர் அது. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வேறொரு ஓராண்டுக் களையும் இக்குடும்பத்தில் உண்டு. நெடிய தண்டில் அடுக்கடுக்காக முட்பந்துகளும், அவற்றினின்று செம்மஞ்சள் நிறப் பூக்களும் தோன்றும். இதனைக் காசித்தும்பை என்பார் சிலர். ஆயின் தோட்டங்களில் வண்ண வண்ணமாய்ப் பூத்து, காயைத் தொட்டால் வெடிக்கும் செடியையே காசித்தும்பை யென்று பலரும் வழங்குவர். அதுவோ இக்குடும்பமே அன்று. ஒரு பெயருக்குள் இரண்டு செடிகள் புகுந்துகொண்டால் மருந்து தேடுவோன் எதனைப் பறிப்பான்?

இப்பெயர்க் குழப்பம் நம் காலத்தில் தோன்றியதன்று. குல்லை என்னும் அவ்வொரு சொல்லுக்கே துளசி, நாய்த்துளசி, கஞ்சா, வெட்சி என அகராதிகள் பொருள் கூறுகின்றன. துளசிக்கும் கஞ்சாவுக்கும் உள்ள வேறுபாட்டைக் காவல் துறையினர் நன்கு அறிவர். உரைநூல் மட்டுமே கற்ற நாம் அறியோம்! உரையாசிரியரைக் குறை கூறுதல் எம் கருத்தன்று. செடி கண்முன் நின்ற காலத்தில் பெயர் ஒன்றே போதியதாய் இருந்தது. காட்டைவிட்டு நகருக்கும், நகரைவிட்டு ஏட்டிற்கும் நாம் வந்தபின் பெயர் மட்டும் கையில் எஞ்சியது.

எம் வேதாகமத்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் பரிசேயர் தசமபாகம் கொடுக்கும் பூண்டுகளுள் முதலாவது ‘ஒற்தலாம்’ என்று தமிழில் உள்ளது. சிறு வயது முதல் அச்சொல்லைக் கேட்டு வந்துள்ளோம். அஃது என்ன பூண்டு என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஓர்த்தெலா என்னும் போர்த்துக்கீசியச் சொல்லே அது, பொருள் புதினா. நாள்தோறும் விடுதித் துவையலில் உண்ணும் பொருளை ஞாயிறுதோறும் அறியாப் பொருளாகக் கேட்டு வந்திருக்கின்றோம்! புதினா என்னும் சொல்லும் வடக்கினின்று வந்ததே. ஆயினும் வந்த செடி வந்த பெயரோடு வந்தமையால் அதில் மயக்கம் இல்லை. நாம் இங்கு ஆராயும் களையோ பெயரின்றி வந்து நம் துளசியின் பெயரை எடுத்துக்கொண்டது.

பெயரில் என்ன இருக்கின்றது, களையைப் பிடுங்கினாற் போதாதோ எனலாம். பிடுங்கியும் பார்த்தோம். முந்தின ஆண்டு, பொங்கல் விடுமுறைக்கு முன், கல்லூரி வளாகத்தைத் தூய்மை செய்யும் பணியில் மாணாக்கர் பலர் ஈடுபட்டோம். பின்மதில் ஓரத்தில் நின்ற பச்சையனைத்தும் எமக்குக் களையாகவே தோன்றிற்று. தும்பை போயிற்று, நாயுருவி போயிற்று, விடுதிச் சமையற்காரர் இருமலுக்குப் பறிக்கும் நாய்த்துளசி நாலைந்தும் போயின. அமெரிக்கக் களையையும் பிடுங்கினோம். ஆயின் அதன் காய்கள் அப்பொழுது முற்றியிருந்தன. முட்புல்லிகள் எங்கள் வேட்டியிலும் காற்சட்டையிலும் ஒட்டிக்கொண்டன. விடுதி முற்றத்தில் நின்று ஆடையை உதறினோம். அடுத்த ஐப்பசி மழையில் அம்முற்றத்தில் என்ன முளைத்தது என்பதை வாசகர் ஊகிக்கலாம். தும்பை முளைக்கவில்லை.

கோதுமை வயலில் பகைவன் களை விதைத்த உவமையை இங்கு நினைந்தோம். பலஸ்தீன நாட்டு வயல்களில் கதிர் விடுமளவும் கோதுமையையே ஒத்திருக்கும் புல் ஒன்று உண்டு. உவமையிற் கூறிய களை அதுவே யென்பர் அறிஞர். வேலைக்காரர் உடனே பிடுங்க முற்பட, வீட்டெசமான் தடுக்கின்றான். சமய நூற்பொருளை விரித்தல் எம் வேலை யன்று. ஆயினும் அந்த எசமான் தாவரம் அறிந்தவன் என்பதிலே ஐயமில்லை. எம் களைக்கு அவன் முறை பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். அறுவடைவரை இதனை விட்டுவைத்தல் கூடாது. ஓராண்டுச் செடியாதலின் விதையன்றி இதற்கு மறுபிறப்பில்லை. பூக்குமுன், ஐப்பசி கார்த்திகையிலேயே, வேரோடு களைதல் வேண்டும். மண்ணுக்குள் பழைய விதைகள் கிடக்குமாதலின் ஆண்டுதோறும் விடாது செய்தல் வேண்டும். பூக்குமுன் களைய வேண்டுமாயின் பூவின்றியே அடையாளம் காணவேண்டும்: நாற்கோணத் தண்டில் நீண்ட மயிர், அகன்ற இலை, இலை விளிம்பில் ஒழுங்கற்ற பற்கள், அம்மணம். கற்றோர்க்கே இது கைகூடும். அரைகுறையாய் அறிந்த கூட்டத்தின் கையிலே களைக்கொட்டைக் கொடுத்தால் என்ன நேரும் என்பதை எம் பின்மதில் சொல்லும்.

இக்களை எம் மதிலோரத்தோடு நிற்பதும் அன்று. எம் வகுப்பினருட் சிலர் சிதம்பரத்தினின்று நாள்தோறும் புகைவண்டியில் வருவர். கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என நிலையங்கள் கடந்து கடலூர் துறைமுகச் சந்திப்பை அடையுமளவும், இருப்புப்பாதையின் மருங்கிலுள்ள மேடுகளில் தை மாதத்தில் காய்ந்து நிற்கும் இதனை எண்ணிக்கொண்டு வந்தனர். எண்ணிக்கை தவறும்வரை எண்ணினர். ஆடுமாடு இதனைத் தின்னாது; பக்கத்துப் புல்லைத் தின்று இதற்கு இடம் விட்டுக் கொடுக்கும். சக்கரமும் ஆட்டு மயிரும் மழைநீரும் விதையைச் சுமக்கும். விந்தியத்தை யடுத்த வறண்ட நிலங்களில் இது பெருந்திரளாகப் பரவி, உள்நாட்டுப் பூண்டுகள் வாழும் இடத்தைக் கவர்ந்துள்ளதை ஆராய்ச்சியாளர் எழுதியுள்ளனர்.

இருப்புப்பாதையின் இரு முனையிலும் நிற்கும் ஊர்களோ மரங்களாற் பெயர் பெற்றவை. சிதம்பரம், தில்லை, கடலூரின் திருப்பாதிரிப்புலியூர், பாதிரி. இரண்டும் கபிலர் பட்டியலில் உள்ளவை. தில்லை மரத்தைக் காண இன்று பிச்சாவரத்துக் கழிக்குச் செல்லல் வேண்டும். அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வை கெடும் என்பதைப் படகோட்டிகள் அறிவர், ‘தில்லை’ என்று தம் இல்லத்திற்குப் பெயரிட்டிருக்கும் நகரத்தார் பலர் அறியார். பாதிரியைப் பற்றி எம் சமயத்தார்க்குள் ஒரு நகை உண்டு. பாதிரி என்றவுடன் எம் வகுப்புக் கிறிஸ்தவ மாணாக்கர் அங்கியணிந்த குருவையே நினைந்தனர். அஃது ஒரு மரம் என்று அறிந்தவர் ஒருவரே, அவரும் பாடலீசுவரர் கோயிலின் அருகே பிறந்தமையால் அறிந்தவர். அப்பாதிரி மரத்திற்குத் தாவரநூலார் முன்னர் இட்டு வழங்கிய பெயரின் பின்பகுதியும் சுவாவியோலென்ஸ் என்பதே. ஊருக்குப் பெயர் தந்த மரமும் ஊரை வளைக்கும் களையும் இலத்தீனில் ஒரே அடைமொழி பெற்றுள்ளன. முன்னதைக் காண்பார் அரியர். பின்னதைக் காணாதார் அரியர்.

“தமிழ் மாணவனுக்கு இலக்கியமும் இலக்கணமும் போதும், செடி ஆராய்ச்சி அவனுக்கு எதற்கு?” என்று நண்பர் ஒருவர் எம்மோடு வாதித்தார். அவர்க்கு விடையாகத் தரங்கம்பாடியைக் காட்டுகின்றோம். கொள்ளிடத்தைக் கடந்து தெற்கே சென்றால் அவ்வூரை அடையலாம். லின்னேயசின் மாணவராகிய கேனிக் என்பார் 1768ஆம் ஆண்டில் அங்கு வந்து இந்நாட்டுச் செடிகளைத் திரட்டத் தொடங்கினார். அவர் மூட்டிய ஆர்வம் அங்கிருந்த மிஷனரிமாரையும் பற்றிக்கொண்டது. அவர்களுள் ஒருவர் ரோட்லர். 1776இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்ச் சென்னை சென்று வேப்பேரியில் பணியாற்றி 1836இல் மறைந்தவர். தமிழ் பயில்வோர் அவரைத் தமிழ் ஆங்கில அகராதி செய்தவராக அறிவர்; அவ்வகராதி 1834 முதல் 1841 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அவரே தரங்கம்பாடியினின்று சென்னைக்குப் போய் மீண்ட வழியிற் கண்ட செடிகளைக் குறித்து வைத்தார். அக்குறிப்பு 1803இல் பெர்லினில் அச்சாயிற்று. தரங்கம்பாடிக்கும் சென்னைக்கும் இடையிலுள்ள நாடு நம் நாடே யன்றோ? அவர் உலர்த்தித் தொகுத்த செடிகள் இங்கிலாந்திற்குச் சென்று கியூ தோட்டத்திற் சேர்ந்தன. சொல்லைத் தொகுத்த கையும் செடியைத் தொகுத்த கையும் ஒரே கை. அவரைத் தமிழ்த் துறையில் வைப்பதா, தாவரநூல் துறையில் வைப்பதா என்று எவரும் கேட்டிலர்.

அம்மரபு அற்றுப்போகவும் இல்லை. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயேசு சபைத் துறவியாகிய மேத்யூ அடிகளார் 1967இல் ராப்பினாட் உலர்செடிக்கூடத்தை நிறுவினார். தமிழ்நாட்டுக் கருநாடகச் சமவெளியின் செடிகளை யெல்லாம் தொகுத்துரைக்கும் பெருநூலை 1981 முதல் 1988 வரை வெளியிட்டார். அக்காலத்துத் தென்னார்க்காடு மாவட்டம் அச்சமவெளியில் அடங்கியதே. தமிழ்ப் பக்கத்தில் பி. எல். சாமி அவர்கள் சங்க நூற் செடிகொடிகளைத் தாவரநூல் நோக்கோடு ஆராய்ந்து எழுதிய நூல் உளது. மலர்க்காட்சிக்கு முன் அந்நூலைத் திறந்திருந்தால் இக்கட்டுரை எழுதும் நிலை எமக்கு நேர்ந்திராது. நூலகத்தில் அஃது இருந்தது. எடுத்தவர் கையொப்பம் சில ஆண்டுகளாக இல்லை.

மற்றொரு நண்பர் வேறு வகையாகக் கூறினார். “அயல்நாட்டுச் செடி யென்று பிரித்துப் பேசுதல் நல்லதன்று, மிளகாயும் கொய்யாவும் பறங்கிக்காயும் அமெரிக்காவினின்று வந்தவையே, கிறிஸ்தவ சமயமும் கடல் கடந்து வந்ததென்று சிலர் நம்மையும் சொல்வதில்லையா?” என்றார். இக்கூற்று எம்மைச் சற்றே தடுமாறச் செய்தது. அயலது என்பதனால் மட்டும் ஒன்று தீயதாகாது என்பதை ஒப்புகின்றோம். பறங்கிக்காயின்றி எம் வீட்டில் பொங்கல் இல்லை. ஆயின் பறங்கிக்காய் தன் வரலாற்றைத் தன் பெயரிலேயே சொல்லுகின்றது, பரங்கிப்பேட்டையும் அவ்வாறே. நம் முன்னோர் வந்தவற்றை ஏற்றபோது பறங்கி யென்றும் சீமை யென்றும் ஓர் அடைமொழி சேர்த்தே ஏற்றனர். சீமை அகத்தி, சீமைக் கருவேலம் என்னும் பெயர்களைக் கேட்டவன் அகத்தியென்றும் கருவேலமென்றும் மயங்கான். அவ்வடைமொழி வசையன்று, வந்த வழியைக் காட்டும் குறிப்பு. அக்குறிப்பை இடும் பழக்கத்தை நாம் எப்பொழுது விட்டோமோ அப்பொழுது தொடங்கிப் புதிய செடிகள் பெயரின்றியும் பொய்ப்பெயரோடும் உலவுகின்றன. சீமைக் கருவேலத்தை அகற்றுமாறு 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்ட பொழுது, எம்மரத்தை அகற்ற வேண்டும் என்பதையாவது சிற்றூரார் அப்பெயரால் அறிந்தனர். இக்களைக்கு அத்தகைய ஆணை வருமாயின் என்ன பெயர் சொல்லி எழுதுவது? ‘துளசியை அகற்றுக’ என்றா?

ஆகவே தமிழ்த் துறைத் தலைவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு விண்ணப்பம் செய்துகொள்ளுகின்றோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இருபது செடிகளைத் தாமே சென்று பறித்து, செய்தித்தாள் இடையே உலர்த்தி, தாளில் ஒட்டி, கண்ட இடம், நாள், அவ்வூரார் வழங்கும் பெயர், அப்பெயரைச் சொன்னவர் செய்யும் தொழில் ஆகியவற்றை எழுதித் தருதல் வேண்டும். பாடத்திட்டத்தில் இடமில்லை யென்று சொல்லப்படும். மன்றத்தின் வாயிலாகவேனும் செய்யலாம். தாவரநூல் துறையினர் மாதம் ஒரு மாலை எம்மோடு நடந்தாற் போதும். வளாகத் தூய்மைப் பணியை மார்கழியினின்று ஐப்பசிக்கு மாற்றுதல் வேண்டும். பணிக்குச் செல்லுமுன் தும்பை, நாய்த்துளசி, இக்களை மூன்றையும் ஒரு மேசைமேல் வைத்து அனைவர்க்கும் காட்டுதல் வேண்டும். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

பெயரைப் பற்றி எம்முள் இன்னும் ஒருமை ஏற்படவில்லை. இந்தி வழங்கும் நாட்டில் இதனை விலாயதி துளசி என்கின்றனர். அதன்படி சீமைத்துளசி யென்று வழங்கலாம் என்பது எம் கருத்து. வந்தது என்பதையும், துளசிக்கு உறவு என்பதையும், துளசியன்று என்பதையும் அச்சொல் ஒருங்கே காட்டும். துளசி யென்னும் சொல்லே கூடாது என்பார் எம் வகுப்பில் இருவர். ஆயினும், சிற்றூர் மக்கள் தாமே இட்ட பெயர் எங்கேனும் வழக்கில் இருக்குமாயின், கல்லூரியில் அமர்ந்து யாம் புனையும் பெயரினும் அதுவே சிறந்தது. கெடிலக் கரைக்கு மீண்டும் சென்று அந்த ஆயாவைத் தேடினோம். ஆடுகளோடு வேறொரு சிறுவனே இருந்தான். பெயர் தனக்குத் தெரியாதென்றும், ஆயா திருவிழாவிற்கு மகள் வீடு சென்றிருப்பதாகவும் கூறினான்.

ஆதலின் இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவர்க்கு, சிறப்பாகக் காட்டுமன்னார்கோயில், புவனகிரி, குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி வட்டங்களில் ஆசிரியராகவும் உழவராகவும் இருப்பவர்க்கு, ஒரு வேண்டுகோள். மேலே கூறிய அடையாளங்களைக் கொண்டு இச்செடியைக் கண்டறிந்து, தத்தம் ஊரில் ஆடுமாடு மேய்ப்போரும் வயல்வேலை செய்வோரும் இதனை எவ்வாறு அழைக்கின்றனர் என்று கேட்டுத் தமிழ் மன்றச் செயலாளர்க்கு ஓர் அஞ்சலட்டை எழுதுக. எம் நூலகத்தில், தமிழ்ப் பிரிவு அலமாரியின் கீழ்த்தட்டில், அன்று ‘குல்லை’ யென்று சீட்டு எழுதி வைத்த அக்கிளை இப்பொழுது உலர்ந்து தாளில் ஒட்டப்பட்டுள்ளது. பழைய சீட்டைக் கிழித்துவிட்டோம். புதிய சீட்டில் கண்ட இடமும் நாளும் எழுதியுள்ளோம். தமிழ்ப்பெயர் என்னுமிடத்தில் வெற்றிடம் விட்டுள்ளோம்.